குழி நிறைந்ததா, குழாய் அடைத்ததா?

மலையகத்தின் பூண்டுலோயாவில் தெருவுக்கடியில் ஓடும் பொதுக் கழிவுக்குழாய் கிடையாது. இலங்கை மக்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரின் வீடுகளுக்கே அப்படி ஓர் இணைப்பு இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தது. டன்சினன், சீன், ஹெரோ தோட்டங்களின் வீடுகளானாலும் சரி, கடைவீதியின் மாடி வீடுகளானாலும் சரி, கழிவு புறப்பட்ட வளவுக்குள்ளேயே அடங்கியாக வேண்டும். ஆகவே இங்கே பிரதான கழிவுக்குழாய் என்பது மலசலகூடத்திலிருந்து செப்டிக் டேங்க் வரைக்கும், அங்கிருந்து உறிஞ்சு குழி வரைக்கும் போகிற குழாய்தான். கொழும்பில் வாசலைத் தாண்டிய அடைப்புக்கு மாநகர சபையைக் கூப்பிடலாம். மலையகத்தில் முதல் அங்குலம் தொடங்கிக் கடைசி அங்குலம் வரை வீட்டுக்காரரின் பொறுப்பு. பழுதும் அவருடையது, செலவும் அவருடையது. நாற்றத்தில் மட்டும் பணிய வீட்டுக்காரருக்கும் பங்குண்டு.

தண்ணீர் இறங்க மறுக்கும் நாளில் பெரும்பாலான வீடுகளில் விழும் தீர்ப்பு ஒன்றே: "குழி நெறஞ்சிருச்சு." உடனே புதுக் குழி வெட்ட ஆள் தேடுகிறார்கள், கல்லும் சீமெந்தும் கடனுக்கு வருகின்றன. பல வீடுகளில் குழி நிறைந்தே இருக்காது. எங்கோ ஒரு வளைவில் துணித்துண்டு சிக்கியிருக்கும், அல்லது டேங்கின் வெளிவாயில் நுரைக்கட்டி அடைத்திருக்கும், அல்லது மூன்று நாள் மழையில் மண் ஊறிப்போய் இனித் தண்ணீர் குடிக்காது என்று நிற்கும். இந்த மூன்றுக்கும் திருத்தம் வேறு வேறு. எது என்று கண்டுபிடிக்க ஒரு முற்பகல் போதும்.

பேனிலிருந்து மண் வரை

மலசலகூடப் பேனுக்கு அடியில் வளைந்த ட்ராப் ஒன்று உண்டு. அதில் எப்போதும் ஓரிரு அங்குலம் தண்ணீர் நிற்கும். குழாயின் நாற்றம் வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அதைத் தாண்டினால் 110 மில்லிமீற்றர் பீ.வி.சி. குழாய். எந்தக் கம்பனி செய்தாலும் மக்கள் வாயில் அது எஸ்லோன் பைப்தான். இந்தக் குழாய் 40 அடிக்கு ஓர் அடி முதல் 80 அடிக்கு ஓர் அடி வரை சரிந்து போக வேண்டும்.

சமதரையில் கட்டுகிற மேசன் பாஸுக்கு இந்தச் சரிவைக் கொண்டுவருவதே பாடு. மலையில் சிக்கல் நேர்மாறானது. வீடு மேலே இருக்கும், டேங்க் பத்தடி பணிய இருக்கும். குழாயை மலைச்சரிவோடு சரிவாக இறக்கிவிட்டால் கழிவு வேகமாக வந்து அடிவளைவில் மோதும். குழாயின் பாரமெல்லாம் கீழ் மூட்டுகளில் தொங்கும். மண் கொஞ்சம் அசைந்தாலும் சொக்கட் கழன்றுவிடும். முறையாகச் செய்வதானால், குழாயை மென்சரிவிலேயே கொண்டுபோய், மட்டம் இறங்க வேண்டிய இடத்தில் ஒரு மேன்ஹோல் கட்டி, செங்குத்துக் குழாய் ஒன்றால் இறக்கி, கீழிருந்து மறுபடி மென்சரிவில் தொடர வேண்டும். செங்குத்துக் குழாயின் அடிவளைவைக் கொங்கிரீட்டில் பதித்துவிட வேண்டும். மேன்ஹோலுக்கு ஆகும் செலவைப் பார்த்து இந்தப் படியை விட்டுவிடுவதுதான் மலையக வீடுகளில் பின்னால் வரும் பாதித் தொல்லைக்கு மூலம்.

அடுத்தது செப்டிக் டேங்க். நல்ல டேங்க் இரண்டு அறை கொண்டது. முதலறை மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. கனமானது அடியில் சேறாகப் படியும். எண்ணெயும் நுரையும் மேலே ஆடையாகக் கட்டும். நடுவில் நிற்கும் கலங்கல் நீர் மட்டும் வெளியே போக வேண்டும். அதற்காகவே உள்வாயிலும் வெளிவாயிலும் 'டீ' வடிவத் துண்டு பொருத்துவார்கள். வெளிவாயின் 'டீ', மேல் ஆடைக்குக் கீழே கை நீட்டி நடுநீரை எடுக்கிறது. ஒரு சில நூறு ரூபா மிச்சம் பிடிக்க இந்தத் துண்டைப் போடாமல் விட்ட டேங்குகள் ஏராளம். அங்கே ஆடையும் சேறும் நேரே உறிஞ்சு குழிக்குப் போய், அதன் சுவரில் கரிய பசையாகப் பிடித்து, மண்ணின் துளைகளை மூடிவிடும். அப்படி மூடிய குழியை மீட்பது கடினம்.

டேங்கிலிருந்து வெளியேறும் நீர் தெளிந்ததுபோல் தெரிந்தாலும் சுத்தமானதல்ல. நோய்க்கிருமி அதில் நிறையவே இருக்கும். டேங்க் செய்வது பாதி வேலை; மீதியைச் செய்வது உறிஞ்சு குழியைச் சுற்றியுள்ள மண். இலங்கைத் தர நிர்ணய நிறுவனத்தின் செப்டிக் டேங்க் வழிகாட்டியான எஸ்.எல்.எஸ். 745, டேங்கைப் பற்றி மட்டும் பேசாமல் வெளியேறும் நீரைச் சேர்க்கும் முறையையும் சேர்த்தே வகுத்திருப்பது இதனால்தான்.

எதைக் கவனிப்பது

முதற்கேள்வி: ஓர் இடத்தில் மட்டுமா, எல்லா இடத்திலுமா? குளியலறைத் தண்ணீர் மட்டும் தேங்கி, மலசலகூடம் ஒழுங்காக இறங்கினால் கோளாறு அந்தக் கிளைக்குழாயில் இருக்கிறது. பிரதான குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் சேர்ந்து மெதுவானால் பிரதான குழாயைச் சந்தேகிக்கலாம். அப்போதும் வீட்டில் எது ஆகத் தாழ்ந்த வாயோ அங்கேதான் கழிவு முதலில் எட்டிப்பார்க்கும். பெரும்பாலும் குளியலறைத் தரையின் வடிகால் துளை.

சத்தமும் ஒரு சாட்சி. ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதும் பேனில் நீர்மட்டம் ஏறி நின்று, பிறகு 'குளுக் குளுக்' என்று குமிழியிட்டு மெல்ல இறங்கினால் குழாயில் காற்று அகப்பட்டிருக்கிறது. முன்னே பாதி அடைப்பு உண்டு. நீர் நன்றாக இறங்கியும் வீட்டுக்குள் நாற்றம் வந்தால் ட்ராப் வற்றியிருக்கும், அல்லது காற்றுக்குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருக்கும். வெளியே, குழாய் போகும் தடத்தில் ஒரு திட்டுப் புல் மட்டும் கடும்பச்சையாக வளர்வது, கோடையிலும் காயாத சேறு, மண் சற்றே தாழ்ந்த பள்ளம் ஆகியவை குழாய் உடைந்து கசிவதன் அடையாளங்கள். கட்டுக்கல்லின் நடுவிலிருந்து வாடையோடு நீர் ஊறினால் அது ஊற்றல்ல.

இரண்டாவது கேள்வி: மழையிலா, வெயிலிலா? வெயில் நாளிலும் அதே தொல்லை என்றால் அடைப்பு அல்லது வேர். தென்மேல் பருவத்தில் மே முதல் செப்டெம்பர் வரையும், பிறகு ஒக்டோபர், நவம்பர் மழையிலும் மட்டும் வந்து, வெயில் எறித்த இரண்டு நாளில் தானாகவே சரியாகிவிட்டால் குழாயை நோண்டிப் பயனில்லை. அப்போது உறிஞ்சு குழிக்குள் மழைநீர் புகுகிறது, அல்லது சுற்றியுள்ள மண்ணே ஊறி நிறைந்துவிட்டது.

கூரைப் பீலியின் நீரைக் குழிக்குள் விடும் வழக்கம் இங்கே பெரிய கேடு. 550 சதுர அடிக் கூரையில் ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் வழியும் நீர் ஏறத்தாழ 3,800 லீற்றர். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 100 லீற்றர் என்று வைத்தாலும் அது ஒரு வாரத்துக்கு மேற்பட்ட கழிவுநீர். ஒரு வாரத்தில் குடிக்க வேண்டியதை ஒரே நாளில் குழிக்கு ஊட்டிவிட்டு, குழி நிறைந்துவிட்டது என்று குறைபட நியாயமில்லை. பீலியைத் திருப்பி மழைநீர்க் கானில் விட்டாலே சில வீடுகளில் பழுது முழுதாகத் தீர்ந்துவிடும். அதற்கு வேண்டியது ஒரு வளைவும் ஒரு துண்டுக் குழாயும்.

மூடியைத் திறந்தால்

அறிகுறிகள் சந்தேகத்தை மட்டுமே தரும். தீர்ப்பைத் தருவது டேங்கின் நீர்மட்டம். மூடியைத் திறக்கும்போது பீடி, தீக்குச்சி, மண்ணெண்ணெய் விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. டேங்கிலிருந்து வருவது எரியும் மெத்தேன். திறந்துவிட்டுச் சற்று விலகி, காற்று வரும் பக்கமாக நின்று, டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். குனிந்து தலையை உள்ளே நுழைக்கக் கூடாது. இரவில் மூடியைத் திறந்து வைக்கவும் கூடாது. குழந்தைகள் விழுந்து இறந்த குழிகள் பல ஊர்களில் உண்டு.

நீர்மட்டம் வெளிவாயின் அடிவிளிம்போடு நின்றால் டேங்கும் உறிஞ்சு குழியும் நல்ல நிலையில் இருக்கின்றன. வீட்டில் தண்ணீர் தேங்கியும் டேங்க் இப்படி அமைதியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் டேங்குக்கும் நடுவில். நீர்மட்டம் வெளிவாயை மூழ்கடித்து உள்வாய் வரை ஏறியிருந்தால் கோளாறு டேங்குக்கு அப்பால்: வெளிவாய் 'டீ' அடைத்திருக்கும், அல்லது உறிஞ்சு குழி உறிஞ்சுவதை நிறுத்தியிருக்கும். அந்த 'டீ'யின் மேல்வாயில் ஒரு கம்பை விட்டுக் குத்தியதும் நீர் சரசரவென்று இறங்கினால் அடைத்தது ஆடைக்கட்டி. இறங்காவிட்டால் குழியின் பக்கம் போக வேண்டும். மூன்றாவதாக, நீர்மட்டம் வெளிவாய்க்கு ஓர் அடி தாழ்ந்து கிடந்தால் சிலர் சந்தோஷப்படுகிறார்கள், "இன்னும் இடம் இருக்கு" என்று. உண்மையில் அதுதான் ஆக மோசமான நிலை. டேங்கின் சுவர் வெடித்து, வடியாத கழிவு நேரே மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம்.

அடிச்சேற்றையும் அதே நேரத்தில் அளந்துவிடலாம். நீண்ட மூங்கில் ஒன்றின் கீழ் முழத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றி, அடிதட்டும் வரை இறக்கி, சில நிமிடம் பிடித்து மெதுவாக எடுத்தால் சேறு நிற்கும் உயரம் துணியில் கறுப்பாகத் தெரியும். அது நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டால் உறிஞ்சி எடுக்கும் காலம் வந்துவிட்டது. சராசரிக் குடும்பத்துக்கு இது மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். மேல்மலையின் குளிரில் கிருமிகள் கழிவைச் செரிப்பது மந்தம்; ஆகவே அங்கே கொஞ்சம் முந்தியும் வரலாம். செரிமானத்துக்கென்று கடையில் விற்கும் தூளும், செத்த கோழியைப் போடும் பழைய வழக்கமும் தேவையற்றவை. வேண்டிய கிருமி மலத்திலேயே தாராளமாக உண்டு.

அடைப்பை எடுத்தல்

வீட்டுக்கும் டேங்குக்கும் நடுவில்தான் அடைப்பு என்று தெரிந்தபின் மேன்ஹோல்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். காய்ந்த மேன்ஹோலுக்கும் நிரம்பிய மேன்ஹோலுக்கும் இடைப்பட்ட துண்டில்தான் அடைப்பு. குழாயின் தடமே தெரியாத பழைய வீடுகளில், துணிக்குப் போடும் நீலத்தை வாளியில் கரைத்து ஊற்றிவிட்டு அது எங்கே தலைகாட்டுகிறது என்று பார்ப்பது எளிய வழி.

அடைப்பின் சரக்கு ஊருக்கு ஊர் மாறும். மலையகத்தில் விறகடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கும் வீடுகளில் சாம்பலும் தேங்காய்த் தும்பும் தேயிலைச் சக்கையும் கலந்து, வளைவுகளில் கல்போல் இறுகிவிடும். சமையலறைத் தண்ணீரை மலசலகூடக் குழாயோடு சேர்க்காத வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. மலசலகூடத்தின் பக்கம் அகப்படுபவை சானிட்டரி நப்கின், சவர்க்காரப் பக்கெட், பழந்துணி. தண்ணீரில் கரையும் என்று நினைத்துப் போடப்படும் நப்கின் கரையாது. ஊறிப் பல மடங்கு பருக்கும். எரிக்கவோ புதைக்கவோ இடமில்லாத லயத்துப் பெண்களுக்கு வேறு வழி இல்லாமல் போவதையும் சொல்லியாக வேண்டும். மலசலகூடத்தின் மூலையில் மூடி போட்ட வாளி ஒன்று வைத்தால், குழாயைத் தோண்டும் செலவு மிச்சம்.

அடைப்பைக் கீழ் மேன்ஹோலிலிருந்து மேல்நோக்கிக் குத்துவது நல்லது. மேலிருந்து குத்தினால் அடைப்பு இன்னும் இறுகலாம். கீழிருந்து உடைந்தால் தேங்கிய நீரே அதை அடித்துக்கொண்டு வரும். குத்துபவர் வாய்க்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். பிளந்த மூங்கில் பத்தை பழைய ஆயுதம், இன்றும் நல்ல ஆயுதம். முனையைச் சீவி மழுக்கிவிட்டால் குழாயைக் கிழிக்காது. வேலிக்கம்பியும் கூர்க்கம்பியும் பீ.வி.சி. வளைவைத் துளைத்துவிடும். பிளம்பர் கொண்டுவரும் திருகு கோல்களை வலஞ்சுழியாகவே திருக வேண்டும். மறுபக்கம் திருகினால் கோல் உள்ளேயே கழன்று, அடைப்போடு அடைப்பாகிவிடும். அடைப்பு உடைந்ததும் நாலைந்து வாளி தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிக் கழுவிவிடுவது முறை.

அசிட் ஊற்றுவது அவசரக்காரரின் வைத்தியம். துணியையும் நப்கினையும் அது கரைக்காது, டேங்கின் கிருமிகளைக் கொல்லும், சீமெந்தை அரிக்கும். ஏற்கனவே பிளீச் போட்ட குழாயில் அசிட் விழுந்தால் குளோரின் வாயு எழும். மூடிய சிறு மலசலகூடத்தில் அது உயிரைப் பறிக்கக்கூடியது.

குத்தியெடுத்த சில வாரங்களில் அதே இடம் மறுபடி அடைத்தால் அங்கே குழாயே கெட்டிருக்கிறது. இதை அறிய கண்ணாடியும் டோர்ச்சும் போதும். மேல் மேன்ஹோலில் ஒருவர் டோர்ச் அடிக்க, கீழ் மேன்ஹோலில் ஒரு கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால், ஒழுங்கான குழாயில் முழுவட்ட வெளிச்சம் தெரியும். வட்டத்தின் அடியில் பிறைபோல் நீர் மினுங்கினால் நடுவில் குழாய் தொய்ந்திருக்கிறது. வெளிச்சமே வரவில்லை என்றால் நசுங்கல் அல்லது வேர். பழைய சுட்டமண் குழாய்களின் மூட்டுகளில் டர்பன்டைன், கிரவேலியா மரங்களின் வேர் நுழைந்து தும்புத்தடுக்குப்போல் பின்னிக்கொள்ளும். வேரை வெட்டியெடுத்தால் ஒரு பருவம் தாங்கும். குழாயை மாற்றினால்தான் தீரும்.

குழாய் மாற்றும்போது உடைந்த துண்டுக்கு இரு பக்கமும் ஓர் அடி நல்ல குழாய் தெரியும் வரை தோண்ட வேண்டும். ஈரமான மலைமண்ணில் மார்பளவு ஆழமான கானுக்குள் முட்டுக்கொடுக்காமல் இறங்கக் கூடாது. கெட்டதை அறுத்தெடுத்து, புதுத் துண்டை இரண்டு சறுக்குச் சொக்கட்டுகளால் இணைப்பார்கள். பசை பூசும் இரு முகமும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். மழையில் ஒட்டிய மூட்டு ஒட்டாத மூட்டுக்குச் சமம். குழாய்க்கு அடியில் நாலங்குலம் மணல் அல்லது சலித்த மண். தோண்டியெடுத்த கல்லையும் மண்ணையும் அப்படியே கொட்டி மூடினால், ஒரு கூர்க்கல் போதும் மறுபடி உடைய. மூடுமுன் கீழ்வாயைத் துணிப்பந்தால் அடைத்து, நீர் நிரப்பி, மேல் மேன்ஹோலில் மட்டத்தைக் கோடு போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கோடு அசையாவிட்டால் மண் போடலாம். இந்த அரை மணி நேரத்தைப் பாஸ்மார் விரும்புவதில்லை. வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கக் கூடாது.

7 பேர்ச்சஸும் ஓர் உறிஞ்சு குழியும்

2018 ஓகஸ்டில் டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியோடு கட்டிய 404 வீடுகள் மகாத்மா காந்திபுரம் என்ற பெயரில் கையளிக்கப்பட்டன. 550 சதுர அடி வீடு, 7 பேர்ச்சஸ் காணி என்பது அப்போது மலையகத் தனிவீடுகளின் பொதுவான அளவு. லயத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. மலசலகூடம் வீட்டோடு வந்துவிட்டது. ஆனால் அளவைப் போட்டுப் பார்த்தால் நெருக்கடி தெரியும். 7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,905 சதுர அடி. சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 44 அடிகூட இல்லை. குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் பொதுவாகச் சொல்லப்படும் இடைவெளி 50 முதல் 60 அடி. மூலைக்கு மூலை அளந்தாலும் 62 அடிதான் வரும். அதாவது ஒரு வளவின் குழி பக்கத்து வளவையும், சரிவில் பணிய மக்கள் தண்ணீர் எடுக்கும் பீலிக்கரையையும் பாதிக்காமல் இருக்குமா என்று அந்த வளவை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. நிலத்தடி நீருக்கு வேலியும் உறுதியும் தெரியாது. மகாவலிக் கரையிலுள்ள கம்பளையில் 2007இல் பரவிய ஹெபடைடிஸ் ஏ மஞ்சள்காமாலை, கழிவு குடிநீரில் கலந்தால் என்ன நடக்கும் என்பதைக் காட்டிப்போனது. பூண்டுலோயாவின் ஓடையும் கொத்மலை ஓயா வழியாக அதே மகாவலியில்தான் சேர்கிறது.

உறிஞ்சாத குழியைத் திருத்துமுன் மண்ணைச் சோதிப்பது நல்லது. குழியின் ஆழத்தில் ஓர் அடிச் சதுரப் பள்ளம் வெட்டி, இரவு முழுக்க நீர் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் மறுபடி நிரப்பி, மட்டம் ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று பார்ப்பார்கள். 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சு குழி வேலை செய்யும். 30க்கும் 60க்கும் நடுவில் என்றால் ஆழமான குழியைவிட, சரிவுக்குக் குறுக்கே மட்டமாக வெட்டி ஜல்லி நிரப்பிய நீளக் கான் நல்லது. 60ஐத் தாண்டினால் அந்த மண்ணில் உறிஞ்சு குழியே சரிவராது. இந்திய நியமமான ஐ.எஸ். 2470 தரும் கணக்கு இது.

சரிவும் கவனிக்க வேண்டியது. வீட்டுக்கு மண் வெட்டிய செங்குத்து விளிம்பின் மேல் குழியை வைத்தால், நாள்தோறும் நூற்றுக்கணக்கான லீற்றர் நீரை அந்த மண்மேட்டுக்குள் ஊட்டுவதாகும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பு, 100க்கு எச்சரிக்கை, 150க்கு வெளியேற்றம் என்று அளவுகோல் வைத்திருக்கிறது. அந்த அளவுகோல் வானத்திலிருந்து விழும் நீரைக் கணக்கெடுக்கும். குழியிலிருந்து ஊறும் நீர் அதில் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை மலையகமெங்கும் மண்சரிவுகளை உண்டாக்கியது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு வீடு தப்பித்திருந்தாலும், நகர்ந்த மண் குழாய் மூட்டுகளைப் பிரித்திருக்கலாம். நீலம் கரைத்து ஊற்றும் சோதனையை அப்போது ஒருமுறை செய்துவிடுவது உத்தமம்.

பவுசர் எட்டாத வீடு

சேற்றை எடுக்கப் பிரதேச சபையின் அல்லது தனியாரின் கழிவு உறிஞ்சும் பவுசரைக் கூப்பிடுவது முறையான வழி. மலையில் அதற்கு இரண்டு தடை. தோட்டப் பாதை பவுசரைத் தாங்க வேண்டும். டேங்க் பாதைக்கு மிகப் பணிய இருக்கக் கூடாது. வெற்றிடத்தால் தண்ணீரை உறிஞ்சி ஏற்றக்கூடிய உச்ச உயரம் கடல்மட்டத்தில் 10.3 மீற்றர். 1,200 மீற்றர் உயர மலையில் காற்றழுத்தம் குறைவதால் அது 9 மீற்றராகச் சுருங்குகிறது. கெட்டிச் சேறு, நீண்ட ஹோஸ் இரண்டையும் கழித்தால் நடைமுறையில் 6 மீற்றரே நம்பலாம். பாதையிலிருந்து இருபது அடிக்கு மேல் பணிய உள்ள டேங்கைப் பாதையில் நிற்கும் பவுசர் காலிசெய்வது சந்தேகமே. வீடு கட்டும்போது யாரும் இதைக் கணக்கெடுப்பதில்லை. சேறு முட்டிய பிறகுதான் தெரியவருகிறது.

அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பொருந்துவது இரட்டைக் குழி. ஒரு 'வை' இணைப்பின் வழியாக ஒரு குழியை மட்டும் சில ஆண்டு பாவித்து, நிறைந்ததும் அதை அடைத்து மற்றதைத் திறந்துவிடுவார்கள். மூடிய குழி இரண்டு ஆண்டு சும்மா கிடந்தால் உள்ளே உள்ளது வாடையற்ற மண்ணாகிவிடும், மண்வெட்டியால் எடுக்கலாம். கை ஊற்றுத் தண்ணீர் பாவிக்கும் மலசலகூடத்துக்கு இது நல்ல ஏற்பாடு. நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்துக்கு ஆகாது.

எந்தக் குழியானாலும் ஆள் இறங்கிச் சுத்தம் செய்வது கூடாது. உள்ளே தங்கும் ஹைட்ரஜன் சல்பைட் முதலில் முட்டை நாற்றமாக மணக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து, வாயு போய்விட்டது என்ற எண்ணத்தைத் தரும். இறங்கியவர் விழுந்ததும் தூக்கப் போன இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து இறப்பதே இத்தகைய விபத்துகளின் வழமை. வாளிக் கக்கூஸ் காலத்தில் இந்த வேலைக்கென்றே தமிழகத்திலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள். கண்டி மஹியாவ போன்ற நகரசுத்தித் தொழிலாளர் குடியிருப்புகள் அந்த வரலாற்றின் எச்சம். "அதுக்குன்னு ஆள் இருக்கு" என்ற பேச்சு இன்னும் சாகவில்லை. இந்தியாவில் 2013இன் சட்டம் பாதுகாப்புக் கவசமின்றி மனிதரைக் கழிவுக்குழியில் இறக்குவதைத் தடைசெய்தது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. சாவு இன்னும் நின்றபாடில்லை.

லயங்களில் நிலைமை வேறு. காணியும் கட்டடமும் குடியிருப்பவருடையதல்ல. 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போன நிர்வாகமே பொறுப்பு. பொது மலசலகூடத்தின் குழாய் உடைந்தால் முறைப்பாட்டை எழுத்தில் தோட்ட அலுவலகத்துக்குக் கொடுத்து, பிரதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கொடுக்க வேண்டும். கழிவு பீலித் தண்ணீரை நோக்கி வழிகிறது என்றால் அதை முதல் வரியிலேயே எழுத வேண்டும். அது திருத்த வேலை என்ற நிலையைத் தாண்டிச் சுகாதாரப் பிரச்சினை ஆகிவிடுகிறது.

தனிவீட்டுக்காரருக்கு இன்னொரு வேலை உண்டு. குழாயைத் திருத்தி மண் மூடுமுன், வீட்டின் மூலையிலிருந்து ஒவ்வொரு மேன்ஹோலுக்கும் டேங்குக்கும் குழிக்கும் எத்தனை அடி, குழாய் எத்தனை அடி ஆழம் என்று அளந்து ஒரு தாளில் வரைந்து, திகதியையும் சேறு எடுத்த ஆண்டையும் குறித்துக் காணி உறுதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.